பின்னறையில் ஆள் இல்லை

எங்கள் அப்பா வீட்டிலேயே இல்லை என்று முதலில் சொன்னது ஒரு வெள்ளை டப்பா. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பின்னறை அலமாரியின்மேல் உட்கார்ந்துகொண்டு, எதிரே கட்டிலில் படுத்திருந்த மனுஷரை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே, இங்கே ஒருவரும் இல்லை என்று சாதித்தது. அதற்கு மூளை இருக்கிறதாம்.

வாங்கி மாட்டியது அண்ணன். முதலில் நானே அவனைப் பாராட்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் குளிர் ஊரில் எங்கள் வீடு முழுவதற்கும் தரைக்குக் கீழே ஒரே ஹீட்டர்; அறைச் சூட்டை அளந்து அதை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஹால் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட். ஹாலில் வெயில் விழும், டிவி ஓடும், பக்கத்திலேயே அடுப்படி. அங்கே சூடு ஏறியதும் ஊருக்கே சூடு ஏறிவிட்டதாக நினைத்து ஹீட்டரை நிறுத்திவிடும். பின்னறையில் அப்பா விறைத்துக் கிடப்பார். அதனால்தான் அறைக்கு ஒன்றாக இந்த சென்சார்களை வாங்கினான். ஒவ்வொன்றும் தன் அறையின் சூட்டை தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹீட்டர் ஓடும். நல்ல ஏற்பாடுதானே என்று நானும் தலையாட்டினேன்.

நான் முடி வெட்டுகிறவள். சலூன் வேலை முடிந்து வந்ததும் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவது என் வழக்கம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. புத்தி போகவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரியும், ஆனால் பார்க்க வேண்டுமே. அன்றைக்கு நுரை தடவக் கன்னத்தில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. கழுத்துவரை இழுத்துப் போர்த்திய போர்வைக்குள் கை விட்டால் அங்கேயும் சூடு இல்லை.

நுரைக் கையோடே ஹாலுக்குப் போனேன். அண்ணன் பனியனோடு உட்கார்ந்திருந்தான்.

"அப்பா ரூம் ஐஸா இருக்கு. உன் மெஷின் என்னதான் பண்ணுது?"

அவன் போனை எடுத்துக் காட்டினான். வீட்டு அறைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஹால் பச்சை. அடுப்படி பச்சை. பின்னறை மட்டும் சாம்பல் நிறம், கீழே 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.

"அது ஆள் நடமாடுற ரூமைத்தான் கணக்குல எடுக்கும். காலி ரூமுக்கு எதுக்கு சூடு? கரண்ட் மிச்சம் பாரு."

"காலி ரூமா? அப்பா இருக்காரே!"

"அசையணும்ல? அசைவு தெரிஞ்சாத்தான் அதுக்கு ஆள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகன் சொல்கிற பேச்சா இது! அந்த செட்டிங்கை மாற்று, ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்னறையைக் கணக்கில் சேர் என்றேன். மாற்றினால் ஹால் வெந்துபோகும் என்றான். என் போனிலும் அந்த ஆப் இருந்தது, நானே மாற்றினேன். மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே அவன் பழையபடி ஆக்கினான். சலூனில் ஒருத்தி தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே நான் மறுபடி மாற்றினேன். இப்படி ஒரு வாரம், ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தங்கையும் பேச்சில்லாமல் போனிலேயே சண்டை போட்டோம். கடைசியில் அவன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான். பார்க்க மட்டும்தான் எனக்கு உரிமை, தொட முடியாது.

அண்ணி பாவம், என் கட்சியும் இல்லை, அவன் கட்சியும் இல்லை. ஒரு காகிதக் காற்றாடியை வாங்கி வந்து சென்சாருக்கு எதிரே கட்டிவிட்டாள். அது ஜன்னல் இடுக்குக் காற்றில் ஜோராகச் சுற்றியது. போனில் பார்த்தால் அப்போதும் 'ஆள் இல்லை'. உடம்புச் சூடுள்ள ஏதாவது அசைந்தால்தான் அந்த டப்பா ஒப்புக்கொள்ளுமாம். நாங்கள் யாராவது உள்ளே போய் வந்தால் அரைமணி நேரம் பச்சை காட்டும், பிறகு பழைய குருடி. நான் வேலைக்குப் போகுமுன் அதன் முன்னால் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடிவிட்டுப் போவேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் சவரம் செய்துகொண்டே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்க அசையலையாம்பா. அதனால நீங்க இங்க இல்லையாம். அந்த டப்பா சொல்லுது, உங்க பையனும் நம்புறான்." அவர் கண் மெதுவாக அலமாரிப் பக்கம் போனது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. கோபம் என்றால் எனக்குத் தெரியும், அவரிடமிருந்துதானே எனக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்கு ஒரு அம்மாவைக் கூட்டி வந்தான். முதியோர் இல்லத்தின் பொறுப்பாளராம். மரியாதையான மனுஷி, கையில் ஒரு பை, அதில் சேர்க்கைப் பத்திரம். அண்ணன் எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னறையைத் தன் ஆபீஸ் அறையாக்கிக்கொள்ள அவன் மேஜைவரை பார்த்து வைத்துவிட்டான் என்று அண்ணிதான் அடுப்படியில் காதோடு சொன்னாள். அப்பா செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீடு இது. அதிலிருந்து அவரையே அப்புறப்படுத்த ஏற்பாடு!

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தோம். பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. அண்ணன் குரலைத் தணிக்கக்கூட இல்லை.

"அவருக்கு எங்க இருக்கோம்னே தெரியாதுங்க. இங்க இருந்தாலும் ஒண்ணுதான், அங்க இருந்தாலும் ஒண்ணுதான்."

"எல்லாம் தெரியும் அவருக்கு!" என்றேன். "நீ போய் உக்காந்து பேசியிருக்கியா? ஒருநாள்?"

"உணர்ச்சிவசப்பட்டுப் பேசாத." போனை அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். "நீங்களே பாருங்க. இது பொய் சொல்லாது. நாங்க உள்ள போகாத நேரத்துல ஒரு சின்ன அசைவு உண்டா? மெஷினுக்கே அங்க ஆள் இருக்கறது தெரியல."

அந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பின்னறையில ஆள் உண்டுன்னு போட்டிருக்கே?"

அண்ணன் போனைத் தன் பக்கம் திருப்பினான். பச்சை. எல்லோரும் ஹாலில்தான் இருந்தோம், அரைமணிக்கு மேலாக யாரும் பின்னறைக்குள் போகவில்லை. நான் இங்கே, அண்ணி இங்கே, அவன் இங்கே. கீழே ஹீட்டர் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

"ஏதோ கோளாறு," என்றான்.

நான் முந்திக்கொண்டு ஓடினேன். அப்பா போர்வையை மார்புவரை உதறித் தள்ளியிருந்தார். இடது கை மேலே உயர்ந்திருந்தது. அந்தக் கை ஒரு டம்ளரைத் தூக்கவே நடுங்கும். அதை அந்த டப்பாவைப் பார்த்து இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. கண் அலமாரிமேல் இல்லை, கதவில் இருந்தது. எத்தனை முயற்சிக்குப் பிறகு அந்தக் கை மேலே ஏறியதோ, எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கவில்லை.

பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். அண்ணன் அவசர அவசரமாக, "சும்மா ஏதோ நரம்பு இழுக்குது. நீங்க பத்திரத்தை எடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றான்.

"நீங்க போட்டா செல்லாது சார். புத்தியோட இருக்கறவருன்னா அவரைத்தான் கேக்கணும்." அந்த அம்மா கட்டிலருகே போய், அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். இந்த வீட்டில் பல மாதமாக என்னைத் தவிர யாரும் அப்படிக் குனிந்ததில்லை. "ஐயா, உங்களை எங்க இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. நீங்க வர்றீங்களா?"

அப்பாவின் கை ஆடுவதை நிறுத்தியது. மெல்லத் திரும்பியது. அந்த அம்மாவைத் தாண்டி, அண்ணனைத் தாண்டி, ஹாலுக்கு அப்பால் இருந்த வாசல் கதவுக்கு நேராக விரல் நீண்டது. நடுக்கம் இருந்தது. சந்தேகம் இல்லை.

"வரமாட்டாராம், வெளியே போகச் சொல்றார்," என்று அந்த அம்மா பையை மூடினாள். அண்ணன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். விரல் இறங்கவில்லை.

நான் போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். குளிர் உள்ளே வந்தால் வரட்டும்.