நாலாம் அறையில் ஆள் இருக்கிறார்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடங்களாகப் பூட்டிக்கிடந்த பழைய சிறையான மறியல் கட்டடத்தின் நாலாம் அறை, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடத் தப்பு அடிக்கும்போதெல்லாம் மூன்று தடவை இருமும். மழைக் காலத்தில் நான்கு தடவை. தோட்டத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. 1953இல் தோட்டத் துரை அந்தக் கட்டடத்தை உர ஸ்டோராக்க நினைத்தபோதுதான் சிக்கல் வந்தது. மூட்டை தூக்கிப்போன ஒருவரும் நாலாம் அறைக்குள் கால் வைக்கவில்லை. விசாரிக்கக் கொழும்பிலிருந்து விஜேரத்ன என்ற அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருந்த சரிபுதீனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டார். தரையில் மாவு தூவினார், சன்னலை மெழுகால் அடைத்தார், வெப்பமானியைத் தொங்கவிட்டார். மாவில் எலித் தடம்கூட விழவில்லை. இருமல் மட்டும் நேரம் தவறாமல் வந்தது. ஐந்தாம் நாள் சலித்துப்போன சரிபுதீன், "யாரு உள்ளுக்கு?" என்று சும்மா கேட்டுவைத்தார்.

"கந்தப்பன்," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "ராக்காயி வந்திருக்காளாங்க?"

விஜேரத்ன பழைய பதிவேட்டைத் தேடிப் புரட்டினார். கங்காணியை அடித்ததற்காக மூன்று மாதத் தண்டனை பெற்ற கந்தப்பன், 1931இல், உள்ளே வந்த இருபத்தைந்தாம் நாள் காய்ச்சலில் இறந்திருந்தான். பின்சுவரோரம் புதைத்திருந்தார்கள். மனைவிக்குத் தெரிவித்ததாக ஒரு வரியும் இல்லை. கங்காணி அவளிடம் சொன்னது வேறு: உன் புருஷன் இன்னொருத்தியோடு கப்பலேறிவிட்டான். அன்றிலிருந்து ராக்காயி, தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கடைசிக் காம்பிரா அறையில் தனியாக இருந்தாள். கல்யாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டாள்.

சரிபுதீன் கொழுந்தெடுக்கும் மலைக்குப் போய் அவளை அழைத்துவந்தார். கொழுந்துக் கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள்.

"என்னைய விட்டுட்டு ஓடிட்டீங்கன்னு சொன்னாங்க."

"நான் எங்க புள்ள ஓடுறது? கதவப் பூட்டியிருந்தாங்களே."

ராக்காயி உள்ளே போய் மாவில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடங்களாக அழாததை அழுது தீர்த்தாள். 'அறையில் ஆள் இருக்கிறார், ஸ்டோருக்கு உதவாது' என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு விஜேரத்ன ரயிலேறினார்.

கதவைத் திறந்தே வைத்தும் கந்தப்பனுக்கு வெளியே வரத் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தன் சட்டிபானைகளோடு அங்கே குடிபோனாள். அவளுக்குத் தலை நரைத்தது. அவன் குரலுக்கு இருபத்தாறு வயதுதான். அவன் விசாரித்த ஆட்களெல்லாம் செத்துப்போயிருந்ததால், பல நாட்கள் பேச ஒன்றும் இல்லாமல் இருவரும் மழையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு லயத்து ஆட்கள் இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தபோது அவள் தங்கை வேலாயியும் கொடுத்தாள். அக்காவையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள்.

"அவரால வர முடியாது. நான் மட்டும் எப்பிடிப் போறது?" என்றாள் ராக்காயி.

வேலாயி போனபிறகு, இந்தியக் கரையிலிருந்த மண்டபம் முகாமிலிருந்து கடிதம் போட்டாள். தபால்காரர் கொண்டுவந்தபோது ராக்காயி கொழுந்தெடுக்கப் போயிருந்தாள்.

"அவ மலையில நிக்கிறா," என்றான் கந்தப்பன். "வாசல்ல வச்சிட்டுப் போங்க."

தபால்காரர் கடிதம் பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு, அடுத்த லயத்துக்குப் போனார்.