பிராந்தியம்: கனடா

மேகம் மேகம் என்கிறார்கள். கோதாரி, அது யாரோ ஒருவருடைய கம்பியூட்டர்தான். எங்கோ தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நாம் எழுதிய செயலியை அதில் ஏற்றிவிட வேண்டும். இதைச் சொல்லி முடிக்க, இணையத்தில் பாடம் எடுத்த வீடியோக்காரனுக்கு ஒரு காலை முழுக்கத் தேவைப்பட்டது. கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

எங்கள் தீவில், மடத்துவெளியில் இந்தப் பெரிய வீட்டில் நான் மட்டும்தான். அண்ணை வசீகரன் கனடாவில். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன அம்மாவும் அங்கேயே நின்றுவிட்டார். யாழ்ப்பாணத்து நிறுவனம் ஒன்று வேலைக்கு ஆள் தேடியது. குறிகட்டுவானில் இருந்து இன்று நெடுந்தீவுக்குப் படகு ஓடுமா என்று காட்டும் செயலியைச் செய்து மேகத்தில் ஏற்ற வேண்டும், அதுதான் பரீட்சை. சம்பளம் எனக்குப் பெரிதில்லை. தினமும் வேலைக்குப் போய்வர ஒரு கந்தோர் வேண்டும். பக்கத்துக் கதிரையில் ஒரு மனிசர் இருந்து, மத்தியானம் என் கறியில் உப்பில்லை என்று நக்கலடிக்க வேண்டும்.

ஏற்றினேன். பரீட்சை வைத்த துஷாந்தி அக்கா தொலைபேசியில் எடுத்தார்.

"வினோஜா, நல்லாச் செய்திருக்கிறீர். ஆனா திறக்க ஏன் இப்பிடி இழுபடுது? எந்தப் பிராந்தியத்தில ஏத்தினனீர்?"

"கனடாவில அக்கா."

"கனடாவிலயோ?"

"பாவிக்கிற ஆக்களுக்குக் கிட்டவா ஒரு இடத்தைத் தெரிவு செய்யச் சொல்லித் திரையில கேட்டது. எங்கட ஆக்கள் எல்லாரும் அங்கதானே."

அவர் சிரித்துவிட்டார். "உமக்கென்ன விசரே? படகுக்கு நிக்கிற சனம் குறிகட்டுவானிலயெல்லே நிக்குது."

எனக்குக் காது சுட்டது. கேள்வியை வாசித்ததும் யோசிக்காமலே கை அங்கே போயிருக்கிறது. இங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது நினைவிலேயே வரவில்லை. அழித்துவிட்டு, இங்கே கிட்ட இருக்கும் மும்பையில் ஏற்றினேன். தட்டினவுடன் திறந்தது.

"இப்ப சரி. வாற திங்கள் நீர் தொடங்கலாம்."

"கந்தோருக்கு எத்தினை மணிக்கு வரவேணும் அக்கா? நான் முதல் பஸ்ஸில வெளிக்கிடுவன்."

"கந்தோரோ? அதை எப்பவோ மூடியாச்சு. நான் கொழும்பில இருக்கிறன், மற்றவை ஒவ்வொரு இடத்தில. எல்லாம் மேகத்திலதானே, வீட்டில இருந்தே செய்யும். அங்க கரண்ட் இருக்குதெல்லோ?"

"ஓம் அக்கா, இருக்கு."

வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அழுகைதான் வந்தது. யாருக்காவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அம்மாவின் இலக்கத்தை எடுத்தேன். முற்றத்தில் மத்தியான வெயில் எரித்தது. கனடாவில் இப்போது எல்லாரும் நித்திரையாக இருப்பார்கள்.