பத்திரத்தில் இருக்கிற விலை

வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போதே மச்சான் கூரையைப் பார்த்தார். துக்கத்துக்கு வந்த அன்றும் இப்படித்தான் அண்ணாந்து பார்த்தார். செத்துப்போன தங்கையை நினைத்துக் கண்ணீரை அடக்குகிறார் என்று அவள் கணவனான அவன் அப்போது நம்பிவிட்டான். ஒழுகிய கறை இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார்.

பின்னாலேயே மாமா வந்தார். மகள் போன பிறகு அப்பாவுக்கு மூட்டுவலி, மறதி, தூக்கமின்மை எல்லாம் வந்துவிட்டதாக மச்சான் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் பாதியில் தனக்கு எவ்வளவு பங்கு என்பது மட்டும் மாமாவுக்கு மறக்கவில்லை.

விஷயம் இதுதான். வீடு அவன் பெயரிலும் அவன் மனைவி பெயரிலும் சரிபாதியாக இருந்தது. பிள்ளைகள் இல்லை, அவள் உயிலும் எழுதவில்லை. அதனால் அவள் பாதியில் பெற்றவருக்கும் பங்கு உண்டு என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்தப் பங்கைப் பணமாகக் கொடுத்தால் வீடு அவனுக்கு. முடியாவிட்டால் வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ள வேண்டியது. வங்கியோ அவன் சம்பளத்தைப் பார்த்து, இதற்குமேல் தரமுடியாது என்று கையை விரித்துவிட்டது. ஆக, அவன் இங்கேயே இருப்பதா பெட்டியைக் கட்டுவதா என்பது வீட்டின் இன்றைய விலையில்தான் இருந்தது. இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு மதிப்பீட்டாளர், அவர் சொல்வதே முடிவு என்று மாமாவும் அவனும் வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். யோசனை மச்சானுடையது. படித்த மாப்பிள்ளை காதில் பூச்சுற்றிவிடக் கூடாதே.

மதிப்பீட்டாளர் தொப்பையும் தடித்த கண்ணாடியுமாக வந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அவரிடம் இல்லை. அளக்கும் கருவியைச் சுவரில் வைத்து, சிவப்புப் புள்ளி எதிர்ச்சுவரில் விழ விழ, அறை அறையாக அளந்தார். வாயில் சூயிங்கம். அவள் உடைகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அறையிலும் அதே மெல்லல்.

"அளக்கவே வேணாம் சார்," மச்சான் போனை நீட்டினார். "வெப்சைட்லயே போட்டிருக்கான் பாருங்க. வீட்டு நம்பரை அடிச்சா விலை வந்து விழுது."

"அந்த வெப்சைட் இந்த வீட்டைப் பார்த்திருக்கா?"

"கம்ப்யூட்டர் சார் அது."

"மூணு பெட்ரூம்னு இருக்கே. என் கண்ணுக்கு ரெண்டுதான தெரியுது?"

"ஸ்டோர் ரூம்ல ஒரு கட்டில் போடலாம் சார்."

"போட்டா கதவு மூடாது. மூணுன்னு போட்டது யாரு?"

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வெப்சைட்டில் வீட்டு விவரத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். போன வாரம்கூட அதில் இரண்டுதான் இருந்தது.

குளியலறை வாசலில் மாமா முந்திக்கொண்டார். "சார், ஒண்ணு சொல்லிடறேன். பொண்ணு போனது ஆஸ்பத்திரிலதான். வீட்ல ஒண்ணும் நடக்கல. யாராவது எதாவது சொன்னா நம்பாதீங்க."

அவன் மாமாவைப் பார்த்தான். அவள் விழுந்தது அந்தக் குளியலறையில்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதை முதலில் கேட்ட ஆள் இதே மாமா. சாவு நடந்த வீடு என்றால் வாங்குகிறவன் விலையைக் குறைப்பான் என்பதால், பெற்ற மகளை இடம் மாற்றிச் சாகவைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அவனுக்குத்தான் லாபம். அதனாலேயே அவன் வாயைத் திறக்கவில்லை.

"அதுக்கெல்லாம் என் ஃபாரத்துல இடமில்ல," என்றார் மதிப்பீட்டாளர். "டைல்ஸ் பழசு."

பிறகு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்தார். மாமாவும் மச்சானும் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டினார்கள். அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"விலை வீட்டுக்குள்ள இல்ல, வெளியில இருக்கு," என்றார் அவர். "இதே மாதிரி வீடு பக்கத்துல சமீபத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு பார்ப்பேன். பத்திரத்துல பதிவானது மட்டும்தான். வித்த வீட்ல கார் நிறுத்த இடம் கூட இருந்தா அதுக்குக் கழிப்பேன், அது இதைவிடப் பழசா இருந்தா அதுக்குக் கூட்டுவேன். அவ்வளவுதான் என் வித்தை."

"கரெக்ட் சார். மார்க்கெட் பேசட்டும்," என்றார் மச்சான்.

"மூணு விற்பனை கிடைச்சிருக்கு. ரெண்டு தள்ளி இருக்கு, ரொம்ப நம்ப மாட்டேன். மூணாவது அச்சு அசல் இதேதான். இதே தெரு, நாலு வீடு தள்ளி. கட்டினவங்களும் அவங்களே, பிளானும் அதே. போன வருஷம் பதிவாயிருக்கு."

விலையைப் படித்தார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை.

அது மச்சானின் வீடு. தங்கைக்குத் துணையாக இருக்கும் என்று சொல்லி வாங்கியது. துணை என்றால், பள்ளி விட்டதும் மச்சானின் பிள்ளைகளை அழைத்துவர அவள். வாங்கிய விலையில் பாதியைப் பத்திரத்தில் காட்டி, மீதியைக் கைமாற்றி, வரியை மிச்சம் பிடித்திருந்தார். அந்தப் பெருமையைக் கேட்காத ஆள் தெருவில் இல்லை. முழு விலையையும் எழுதி வரி கட்டிய மாப்பிள்ளையைப் பார்த்து, "உங்களுக்கு இந்தச் சாமர்த்தியம் வராது" என்று மாமா சிரித்ததும் உண்டு.

"சார், அது தப்பான விலை."

"பதிவான விலை."

"நிஜ விலை அதைப் போல டபுள் சார்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாங்கினதே இவர்தான்," என்றான் அவன். காலையிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு.

மதிப்பீட்டாளர் முதல்முறையாக நிமிர்ந்தார். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. டபுள் குடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரிப்போர்ட்ல இணைச்சுடறேன். பதிவு ஆபீசுக்கும் ஒரு காப்பி போகும்."

"எழுதிக் குடேன்டா," என்றார் மாமா.

"சும்மா இருங்கப்பா."

"தங்கச்சி பங்குடா."

"சரி, அபராதம் வந்தா நீங்க கட்டுறீங்களா?"

மாமாவுக்குச் சட்டென்று மூட்டு வலித்தது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

மச்சான் போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். ஒரு பக்கம் விட்ட வரியும் அபராதமும், இன்னொரு பக்கம் தங்கை செத்ததில் கூடுதலாக வரப்போவது. உதடு அசைய அசையக் கூட்டினார், அழித்தார், மறுபடி கூட்டினார். எது பெரிதென்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தபோது குரலில் தேன் வடிந்தது.

"சார் அவர் வேலையைச் செய்யறாரு. நமக்குள்ள என்ன மாப்ள? நீங்களா பார்த்து மேல போட்டுக் குடுங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கு. நீங்க பத்திரத்துல எழுதினதுதான் உங்க மனசாட்சி. அதுப்படியே குடுக்கறேன்."

"அவ இருந்திருந்தா இப்படிப் பேச விடுவாளா?"

"அவ இருந்திருந்தா நீங்க கூரையைப் பார்த்திருக்க மாட்டீங்க."

மதிப்பீட்டாளர் கடைசித் தொகையைச் சொன்னார். மாமாவின் பங்கு, வங்கி தருவதாகச் சொன்னதற்குள் அடங்கியது. அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. மாமாவிடம் தன் பேனாவைக் கொடுத்தான்.

கை நடுங்குகிறது என்றார் மாமா. வக்கீல் கொடுத்தனுப்பிய ஒப்புதல் தாளின் மூன்று பக்கத்திலும் நடுக்கமில்லாமல் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தார். அவன் கேட்கவில்லை. அவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தினான்.