விடியும்வரை எரிந்த குண்டு பல்பு

எனக்குச் செடி, கொடி என்றாலே ஆகாது. சங்கரன்கோவில் தறிக்கூடங்களில் பதினாறு வருஷமாக வயர்மேன். மோட்டார் ஓடலையா, கூப்பிடு சண்முகையாவை. அவ்வளவுதான் என் உலகம். அப்பேர்ப்பட்டவனைப் பூவுக்கு லைட் போடக் கூப்பிட்டார் ஞானபாய் டீச்சர்.

தறிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில் அவர் குடியிருந்தார். பெண்கள் பள்ளியில் தற்காலிக வேலை. மழைக்காலம் முடிந்து பூக்கிற செவ்வந்தியை ஆனி மாதத்தில், அதுவும் அறைக்குள்ளேயே பூக்கவைத்துக் காட்டுகிறேன் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டைக் கண்காட்சியில் பூ இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊரைப் பார்த்துப் போகவேண்டியதுதான்.

"பகல் பன்னெண்டு மணி நேரம் வெளிச்சம், ராத்திரி கும்மிருட்டு. அப்பத்தான் பூக்கும், அண்ணாச்சி" என்றார். பின்னறை ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, நாலு டியூப்லைட் மாட்டி, சுவிட்சை வெளிச்சுவரில் வைத்துக் கொடுத்தேன்.

பத்துத் தொட்டியிலும் மொட்டு வந்து, மஞ்சள் லேசாகத் தெரிந்த வாரத்தில்தான் சனியன் பிடித்தது. தறிக்கூடத்தில் புதிதாக எட்டுத் தறி இறக்கினார்கள். வோல்டேஜ் படுத்துவிட்டது. டியூப்லைட் பகலெல்லாம் கண்சிமிட்டியதே தவிர எரியவில்லை. சோக்கை மாற்றினேன், ஸ்டார்ட்டரை மாற்றினேன். ம்ஹூம்.

"பூக்குற நேரத்துல லைட்டை மாத்தலாமா அண்ணாச்சி?" டீச்சர் கையைப் பிசைந்தார்.

"எரியாத லைட்டை வச்சு என்ன செய்யப் போறிய?" என்று கத்திவிட்டு, வோல்டேஜ் குறைந்தாலும் எரிகிற இருநூறு வாட் குண்டு பல்பு ஆறு மாட்டினேன். சூடு மொட்டில் அடிக்காமல் இரண்டு முழம் உயர்த்திக் கட்டினேன். "சாயந்திரம் நானே அணைச்சுட்டுப் போறேன்" என்றும் சொன்னேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனேன். புதிதாக மாட்டிய லைட்டை முதல் ராத்திரி விடியும்வரை அணைக்க மாட்டேன். திருநீறு தொட்டுவைத்து எரியவிட்டுவிடுவேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வழக்கம் அது. டீச்சரிடம் கேட்டால் விடமாட்டார் என்று தெரியும். ஒரு ராத்திரிதானே, என்ன குடிமுழுகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன். கோழி கூப்பிட வந்து அணைத்துவிட்டுப் போனேன்.

மறுநாள் டீச்சர் கதவிடுக்கில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். "எதுக்கு டீச்சர்?" என்றேன். "இருட்டுல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் போச்சு. பூக்குறதை நிறுத்திட்டுச் செடி மறுபடி இலை விட ஆரம்பிச்சிரும்" என்றார். அட பாவி சண்முகையா! ஒரு பொம்பளையின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாயே! சோறு இறங்கவில்லை. அடுத்த நாலு நாளும் ஏதாவது காரணம் சொல்லிப்போய் மொட்டையே பார்த்தேன். கல் மாதிரி அப்படியே இருந்தன.

ஐந்தாம் நாள் காலையில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். செத்தேன் என்றுதான் போனேன். கதவைத் திறந்தால் ஒன்றா இரண்டா, அறை முழுக்க மஞ்சள்! வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "விடியக்காலம் நீங்க வந்து அணைச்சதை நான் பார்த்தேன்."

"பார்த்தியளா? அப்பமே நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்லா?"

"நடந்துபோச்சு, ஏசி என்ன செய்ய? மொட்டு நிறம் காட்டின பெறவு ஒரு ராத்திரி வெளிச்சம் ஒண்ணும் செய்யாதுன்னு புத்தகத்துல இருக்கு. ஆனா அது சீமையில எழுதின புத்தகம். நம்ம ஊருக்குச் சரிவருமான்னு பயந்துதான் கதவிடுக்குல சாக்கை அடைச்சேன், நானும் நாலு ராத்திரி தூங்கலை. உங்க மூஞ்சியைப் பார்த்தா வாயைத் திறக்கவும் மனசு வரலை." சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

தொட்டிகளைக் கண்காட்சிக்குப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் தறிக்கூடத்து வாசலில் டீச்சர் ஒரு காகிதத்தைத் தூக்கிக்காட்டி ஏதோ சொன்னார். தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மெயினை இறக்கினேன். அத்தனை தறியும் நின்றது.

"வேலை நிரந்தரமாயிட்டு, அண்ணாச்சி!"

உள்ளேயிருந்து முதலாளி வெள்ளத்துரை, "எவம்லே மெயினைத் தொட்டது?" என்று பாய்ந்து வந்தார்.

"நான்தான். டீச்சருக்கு வேலை நிரந்தரமாயிட்டுவே!" என்றேன். "ரெண்டு நிமிஷம் தறி நின்னா ஊரு என்ன வேட்டியில்லாமலா போயிரும்?"