தகட்டுக்கு அடியில் பச்சைப் புல்

இறக்கையை நண்பன் என்று சொல்லவே இப்போது நாக்கு கூசுகிறது. விமானம் விழுந்த பழைய இடங்களைத் தேடி மலை மலையாக அலைகிறவன்; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். அவன் தேடுவான், நான் படம் எடுப்பேன். படம் எடுக்கும்முன் எதையும் தொடக்கூடாது என்பது அவன் சட்டம். பெரிய சட்டம்!

அன்றைக்கு அக்காவும் வந்திருந்தாள். அத்தான் ஓட்டிய சரக்கு விமானம் அந்த மலைத்தொடரில்தான் காணாமல் போனது. பேய்மழையில் தேடப் போனவர்களின் உயிராவது மிஞ்சட்டும் என்று, "போதும், திரும்பிடுங்க" என்று சொன்னவள் அக்காதான். அந்த வார்த்தையே அத்தானைக் கொன்றதோ என்று இத்தனை வருடமாகத் தன்னைத்தானே அரித்துக்கொண்டிருந்தாள்.

சரிவில் ஒரு தகடு கிடந்தது. "இதுதான்க்கா வால் பகுதி. நேரா மோதியிருக்கு. ஒரு நொடிகூட ஆகியிருக்காது," என்றான் இறக்கை. நான் படம் எடுத்ததும் அக்கா அதை வாரி மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தகடு கிடந்த இடத்தைப் படம் எடுக்கக் குனிந்தேன். அடியில் புல் பச்சைப்பசேலென்று இருந்தது. ஒரு செங்கல்லை நாலு நாள் போட்டாலே புல் வெளுத்துவிடுமே!

அவனைப் பாறைக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"எப்படா கொண்டுவந்து போட்டே?"

"காலையில. நீங்க எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா? எந்த விமானத்துதுடா அது?"

"அத்தானோடதுதான். நிஜமான இடம் அடுத்த பள்ளத்தாக்குல இருக்கு. நாலு வருஷம் முன்னாடியே பாத்துட்டேன்." அவன் குரல் இறங்கியது. "சீட் பெல்ட்டால கால்ல கட்டு போட்டிருந்தார். தகட்டை வளைச்சு மழைத்தண்ணி பிடிச்சிருக்கார். சுள்ளி எரிச்ச கரி நிறைய கிடந்துச்சு. பல நாள் உசிரோட இருந்திருக்கார்டா. நானே புதைச்சிட்டேன்."

"யாரைக் கேட்டுப் புதைச்சே?"

"அக்காகிட்ட எப்படிடா சொல்றது? போன வாரம் நீதானே அழுதே, அக்கா தூங்கறதே இல்லன்னு. அதான்..."

நாலு வருடம்! அக்கா கையால் சாப்பிட்டுக்கொண்டே, "தேடிட்டுதான் இருக்கேன்க்கா" என்று கூசாமல் சொல்லியிருக்கிறான். நானும் லூசு மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு இவன் பின்னால் வெறும் மலைகளை ஏறியிருக்கிறேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான்.

திரும்பும்போது அவன்தான் கார் ஓட்டினான். பின்சீட்டில் அக்கா, மடியில் தகடு.

"அப்போ, தொடர்ந்து தேடச் சொல்லியிருந்தாலும் அவர் உயிரோட கிடைச்சிருக்க மாட்டார். அப்படித்தானேடா?" என்று என்னைக் கேட்டாள். "இவன் எனக்காக ஏதாவது சொல்லுவான். நீ பொய் சொல்ல மாட்டே."

கண்ணாடியில் அவன் கண் என்மேலேயே இருந்தது.

"ஆமாக்கா," என்றேன். "உடனேதான் போயிருக்கார்."

அக்கா முன்னால் சாய்ந்து அவன் தோளைத் தொட்டாள். "தம்பி, நீ நல்லா இருக்கணும்."

இறக்கை நிம்மதியாக மூச்சு விட்டான். அந்த மூச்சுக்காகவே அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அக்கா இருந்ததால், கையைத் தொடைக்கு அடியில் அழுத்திக்கொண்டு வீடுவரை வந்தேன்.