கண்ணாடியில் படியும் கை

"ஷெரில் வாயத் திறந்து மூச்சு விடுது. வந்து பாரு" என்று லியோனி போன் செய்தபோது நான் சுரங்கத்திலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

லியோனி என் அண்ணன் டாரலின் மனைவி. ஷெரில் அவன் வளர்த்த பச்சை மலைப்பாம்பு. போன கோடையில் வேலிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்த டாரல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு எழவில்லை. பாம்பு மட்டும் அவளோடு இருந்தது.

வடக்கே மழைக்காட்டில் வாழ்கிற சாதி அது. பாலைவனச் சுரங்க ஊரான எங்கள் புரோக்கன் ஹில்லில் துணியைக் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். முன்னறையில் இருந்த ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் டாரல் மழைக்காட்டை வைத்திருந்தான். தினமும் தண்ணீர் தெளிப்பான், ஈரம் காட்டும் முள்ளைப் பார்ப்பான், பாம்பு சட்டை உரித்தால் கிழியாமல் வந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான்.

நான் உள்ளே போனபோது அறையில் ஊறிய பூட்ஸின் நாற்றம். பெட்டியின் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பனித்திருந்தது. எதிரே நாற்காலி போட்டு, மடியில் ஸ்ப்ரே பாட்டிலோடு லியோனி உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் மேல் காற்றுப் போக இருந்த துளைகளையெல்லாம் டேப் ஒட்டி அடைத்திருந்தாள்.

"இத எதுக்கு அடைச்ச?"

"ஈரம் நிக்க மாட்டேங்குது, வெர்ன். பக்கத்து வீட்டு பெவ்தான் சொன்னா. மூச்சு இழுத்தா வறண்டுபோச்சுன்னு அர்த்தமாம்."

"பெவ்வா? கள்ளிச்செடியக்கூடக் காப்பாத்தத் தெரியாதவ."

"அத அவ தண்ணி ஊத்தி அழுக வெச்சா. காய விடல."

ஈரம் கூடிப்போகும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. உதடு வெடித்தாலும், கதவு சுருங்கினாலும், நாய் சுருண்டு படுத்தாலும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், தண்ணீர்.

பாம்பு கிளையில் சுருண்டு, தலையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. வாயோரம் நுரை. மூச்சு விடும்போது மெல்லிய விசில் கேட்டது. அடிவயிற்றுச் செதில்கள் பழுப்பாகியிருந்தன. ஈரம் காட்டும் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

மிருக வைத்தியர் ப்ரூவுக்குப் போன் போட்டு, இருவருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

"மழைக்காட்டுலயும் மழை நிக்கும், காத்தடிக்கும், இலை காயும்" என்றார் ப்ரூ. "காலையில தெளிங்க, மத்தியானத்துக்குள்ள காயணும். நீங்க என்னடான்னா அதுக்கு ராப்பகலா ஆவி பிடிக்க வெச்சிருக்கீங்க. உடனே இங்க கொண்டுவாங்க, ஊசி போடணும். பெட்டிய உள்பக்கம் பூரா மருந்துத் தண்ணி போட்டுத் துடைங்க. கண்ணாடியிலயும் பூஞ்சை இருக்கும். இப்படியே விட்டா இந்த வாரம் தாங்காது."

போனை வைத்ததும் லியோனி சொன்னாள்: "கண்ணாடியத் துடைக்கக் கூடாது."

"பாம்பு செத்துடும்னு சொல்றாங்க."

"காதுல விழுந்துச்சு. இங்க வா."

பெட்டியின் கதவைத் திறந்து, முன்கண்ணாடியின் உட்புறம் இன்னொரு முறை தண்ணீர் அடித்தாள். வழிந்த இடம் மறுபடி மெல்ல வெளுத்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் வெளுக்கவில்லை. முதலில் உள்ளங்கை தெரிந்தது, பிறகு விரல்கள். இடது கை. மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது.

அந்த விரலின் மேல்பாதியை டாரல் சுரங்கத்தில் இரும்புக் கயிற்றுக்குக் கொடுத்தவன். கை வெடிக்காமலிருக்க நாங்கள் எல்லோரும் ஆட்டுக்கொழுப்புக் களிம்பு தடவுவோம். பாம்பைத் தூக்கும்போது அவன் இடது கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொள்வான். களிம்பு பட்ட இடத்தில் பனி படியவில்லை, அவ்வளவுதான். தெரிந்திருந்தும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அந்தக் கைக்குள் பாம்பின் பச்சை அசைந்தது, அவன் பிடித்திருப்பதுபோல.

"காஞ்சா போயிடறான்" என்றாள். "அதான் காய விடறதில்ல."

"போட்டோ எடுத்து வெச்சுக்க."

"எடுத்தேன். என் மூஞ்சிதான் விழுது."

"சரி, ஷெரில வேற டப்பாவுல போடலாம். இது இப்படியே இருக்கட்டும்."

"காலிப் பெட்டிக்குத் தண்ணி அடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா என்ன எங்க கொண்டுபோய் விடுவீங்கன்னு தெரியாதா?" சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

உள்ளே பாம்பு மூச்சை இழுத்தது. விசில் நீளமாக வந்து ஒரு குமிழியில் முடிந்தது. லியோனி பாட்டிலைத் தரையில் வைத்தாள்.

"அவனும் கடைசி வாரம் இப்படித்தான் இழுத்தான், வெர்ன். ராத்திரி பூரா. வெயில்தானேன்னு நெனச்சேன்." கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "தண்ணி குடு தண்ணி குடுன்னு அவன் வாயில ஊத்திட்டே இருந்தேன்."

அவள் எழுந்து, கண்ணாடியின் வெளிப்புறத்தில் தன் கையை அந்தக் கைமேல் வைத்தாள். பனி மங்கும்வரை வைத்திருந்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு துணியைக் கொண்டுவந்து என் தோளில் போட்டாள்.

"நீயே துடை. நான் கொல்லையில இருக்கேன். முடிஞ்சதும் கூப்பிடாத, அப்படியே போ."

பாம்பைத் தலையணை உறையில் போட்டு ப்ரூவிடம் கொண்டுபோனேன். ஊசி போட்டார். திரும்பி வந்து டேப்பைப் பிய்த்தேன், பெட்டித் தரையில் ஊறிக்கிடந்த தேங்காய் நாரையெல்லாம் அள்ளிக் கொட்டினேன், மருந்துத் தண்ணீரால் கண்ணாடியைத் துடைத்தேன். கை இருந்த இடத்துக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு துடைத்தேன். புது நாரைப் பரப்பி, பெட்டியைக் காய வைத்து, பாம்பைக் கிளையில் ஏற்றிவிட்டு, சொன்னபடியே கூப்பிடாமல் போனேன்.

அதன்பிறகு லியோனி ப்ரூ சொன்னதிலிருந்து ஒரு சொட்டுக்கூட மாறவில்லை. காலையில் தெளிப்பாள், மத்தியானம் கண்ணாடி தெளிந்துவிடும். விசில் குறைந்தது, பிறகு நின்றது. ஷெரில் எலி தின்றது. மூக்கு முதல் வால் வரை கிழியாமல் சட்டை உரித்தது. ஒருநாள் காலை லியோனி போன் செய்தாள்; உரித்த சட்டையைப் பார்க்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து வேலைக்குப் போகும் வழியில் அவள் வீட்டில் இறங்கினேன்.

"சட்டை எங்க?"

"அத விடு. இங்க நில்லு." தண்ணீர் அடித்தாள்.

கண்ணாடி வெளுத்தது. நடுவில் ஓர் உள்ளங்கை. இடது கை. நான் கண்ணாடியருகே குனிந்தேன். பிறகு விரல்கள் வந்தன, ஐந்தும் முழுதாக. அன்று பாம்பை ஏற்றும்போது நானும் அண்ணனைப்போலவே கையை ஊன்றியிருக்கிறேன்.

"என் கைதான்" என்றேன். "களிம்பு. இரு, துடைச்சுடறேன்."

"நீ ஒண்ணும் தொட வேணாம்."

அவள் கதவைத் திறந்தாள். துணியின் முனையை ஆள்காட்டி விரலில் சுற்றி, மோதிர விரலின் மேல்பாதியை மட்டும், குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல, மெதுவாகத் தேய்த்து எடுத்தாள். இன்னொரு முறை தண்ணீர் அடித்தாள். வெளுத்தது. தள்ளி நின்று பார்த்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றாள். "மத்தியானம் போயிடுவான். நாளைக்கு வருவான். ஷெரிலுக்கும் ஒண்ணும் ஆகாது."

அந்தக் கைக்குள் பாம்பு நாக்கை நீட்டி இழுத்துக்கொண்டது.

அன்று சுரங்கத்தில் கையுறை மாட்டும்போது இடது கை மோதிர விரலை ஒருமுறை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. நுனியில் மட்டும் உணர்வு கொஞ்சம் தாமதமாக வந்தது.