பொட்டலத்துக்குப் போட்ட முடிச்சு

மாலை ஆறரை மணிக்கு, சமையலறை ஜன்னல் கம்பியில் கயிற்றின் ஒரு முனையைச் சுற்றி, மறுமுனையை நாயின் கழுத்தில் போட்டு முடிந்தார் அவர். லாரி ஷெட்டில் இருபது வருடமாகச் சுமை கட்டுகிறவர். அவர் கட்டிய சரக்கு எந்த மேடு பள்ளத்திலும் சரிந்ததில்லை. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. ஷெட்டில் அவருக்குப் பெயரே 'முடிச்சு'தான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாயின் பெயர் பொட்டலம். குட்டியாக ஒரு சரக்குப் பெட்டிக்குள் சுருண்டபடி வந்து சேர்ந்தது. போன தடவை வெடிச் சத்தத்துக்குச் சுவரேறிக் குதித்து ஓடி, மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டு திரும்பியது. இன்று புதுப் பாலத்தின் திறப்பு. ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் வாணவேடிக்கை என்று காலையிலிருந்து ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது.

"கதவச் சாத்திட்டு அது கூடவே இருங்க. ஷிப்ட் முடிஞ்சதும் ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கட்டிப் போட்ட பிறகு கூட ஆள் எதற்கு என்று நினைத்தார் அவர்.

"இப்ப ஓடுடா பாக்கலாம்" என்று நாயின் தலையைத் தட்டிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார்.

முதல் வெடிக்குக் கீழே குரைப்பு கேட்டது. பத்தாவது வெடிக்குக் கேட்கவில்லை.

"பழகிடுச்சு போல" என்றார் பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியனிடம்.

"என்னங்க! கீழ வாங்க!"

வேலை முடிந்து வந்த மனைவியின் குரல். இறங்கி ஓடினார். நாய் தரையில் பக்கவாட்டில் கிடந்தது. மிரண்டு இழுத்ததில் கயிறு ரோமத்துக்குள் புதைந்திருந்தது. நாக்கு நீலம் பாய்ந்து தொங்கியது. அவர் மண்டியிட்டு முடிச்சை நிமிண்டினார். நகம்கூட நுழையவில்லை.

"தள்ளுங்க."

அவள் கண்ணாடிப் பாத்திரக் கிடங்கில் பேக்கிங் வேலை பார்ப்பவள். பெட்டி அறுக்கும் கத்தி எப்போதும் கைப்பையில் இருக்கும். முதலில் ஜன்னல் பக்கக் கயிற்றை அறுத்தாள். இறுக்கம் மயிரளவு விட்டது. சுண்டுவிரலைக் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் திணித்து, அந்த விரலை ஒட்டியே கத்தியை ஓட்டினாள். கயிறு தெறித்தது. நாய் இழுத்து மூச்சு விட்டது. விரலில் வழிந்த ரத்தத்தை அவள் துடைக்கக்கூட இல்லை.

வெளியே வெடி நிற்கவில்லை. அவள் கை பதறவும் இல்லை. ஜன்னலைச் சாத்தினாள், மேலே கனத்த போர்வையைத் தொங்கவிட்டாள். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, ரேடியோவையும் போட்டாள். மேசைக்கு அடியில் தான் போட்டுக் கழற்றிய சட்டையை விரித்து, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்தாள். நாய் தானாகவே அங்கே ஊர்ந்து போனது. அவர் அதை இழுத்து மடியில் போட்டுக்கொள்ளக் கை நீட்டினார்.

"சும்மா இருங்க. அதுவா வந்தா வரட்டும். நாம கிட்ட இருந்தாப் போதும்."

"ஓடிப் போயிடுமேன்னுதானே கட்டினேன்..."

"கண்ணாடிய எப்படி அனுப்புறோம் நாங்க? சுத்தி மெத்துன்னு வெச்சு, பெட்டிக்கு மேலதான் கயிறு போடுவோம். கண்ணாடி மேலயா போடுவோம்?"

கடைசி வெடி அடங்கும்வரை இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எதுவுமே நடக்காததுபோல அவள் அங்கேயே வெங்காயம் உரித்தாள். நடுங்கிக் கிடந்த நாய் மெல்ல மூக்கை நீட்டி அவள் பாதத்தின்மேல் வைத்தது. பத்து டன் சரக்கை அசையாமல் நிறுத்தத் தெரிந்தவர், ஒரு நடுக்கத்தை அவள் நிறுத்திய விதத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

மறுநாள் கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா இது பொழைச்சிருக்காது" என்றார்.

ஷெட்டுக்குப் போனதும் ஒரு டிரைவர் வந்து நின்றார். "அண்ணே, ஞாயித்துக்கிழமை திரும்பவும் வேடிக்கையாம். என் நாயக் கட்டணும். உன் முடிச்ச ஒரு தடவ சொல்லிக் குடேன்."

"அந்த முடிச்சு மூட்டைக்குத்தான்டா. நாய்க்கு வேணாம். பொழுதோட வெளிய கூட்டிப் போய் வந்து, சோத்தப் போட்டு, கதவு ஜன்னல சாத்து. கழுத்துப் பட்டையில உன் போன் நம்பர எழுதி வை. அப்புறம் வேடிக்கையாவது வெங்காயமாவதுன்னு அது கூட உக்காரு. பயந்த ஜீவனுக்குக் கட்டு உதவாது, கூட ஒரு ஆள் இருக்கணும். என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்ச இது, எனக்கு அந்த ஜீவன் சாகப் பாத்த பிறகுதான்டா தெரிஞ்சுது."